விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது?

என் தம்பிக்கு எங்கள் வீட்டில் 'நானே' என்று பேர். பிறவியிலேயே கண் தெரியாத பிள்ளை என்று அம்மா அவனைப் பொத்திப் பொத்தி வளர்க்கப் பார்த்தாள், அவன் விட்டால்தானே. சட்டைப் பொத்தான் போட, தண்ணீர் ஊற்றித் தர, தெருவைக் கடத்திவிட, எதற்கு யார் கை நீட்டினாலும் "நானே பண்ணிக்கறேன்" என்பான். சாப்பிட உட்காரும்போது "எங்கப்பா நம்ம நானே?" என்று அப்பா கேட்பார். வளர்ந்து, வேலை தேடிக்கொண்டு, மாடியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தனியாகக் கிளம்பியபோது அம்மா ஒரு பாட்டம் அழுதாள், நான் ஒரு பாட்டம் கத்தினேன். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டே துணிகளை மடித்துப் பையில் வைத்தான்.

நான் கோபக்காரி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்துச் சாயங்காலம் யார் மேலாவது எரிந்து விழுவேன். இந்தக் கதையில் நான் போடப்போகும் கூச்சலில் பாதி அந்தக் கணக்கைச் சேர்ந்தது. மீதிப் பாதி நியாயமானது.

தம்பியின் வேலை ஒலிப்புத்தகங்களைச் சுத்தம் செய்வது. ஸ்டூடியோவில் யாரோ ஒருவர் கதையை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார். வாசிப்பவர் இருமுவார், பக்கம் திருப்புவார், எச்சில் விழுங்குவார், நாற்காலியில் நெளிவார். ஒரு பெரிய குரல்காரருக்கு மத்தியானம் தாண்டினால் வயிறு கடமுடா என்று உருளும். இதையெல்லாம் கதைக்குச் சேதமில்லாமல் வெட்டி எடுப்பதுதான் இவன் பாடு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவன் கணினியில் இருக்கிறது. அதற்கு நான் வைத்த பேர் வாயாடி. அவன் வைத்திருக்கும் வேகத்தில் அது பேசுவது எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. எந்த இடத்தில் நிற்கிறோம், எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், எதை வெட்டினோம் என்று அது சொல்லச் சொல்ல இவன் விரல்கள் விசைப்பலகையில் ஓடும்.

வாயாடியின் குரலும் கதை வாசிப்பவரின் குரலும் வருவது மேசைமேல் இருக்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வழியாக. அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கு ஒயர் போகிறது. முன்பக்கம் ஒரு குமிழ். அதை அழுத்தினால் பெட்டி கணினிக்கு மாறும், இன்னொரு அழுத்தில் பதிவுக் கருவிக்கு, இன்னொரு அழுத்தில் ப்ளூடூத்துக்கு. கணினி என்றால் ஒரு பீப், பதிவுக் கருவி என்றால் இரண்டு, ப்ளூடூத் என்றால் மூன்று. அந்த பீப்தான் அவனுக்குக் கண் என்று ஒருமுறை யாரிடமோ உருக்கமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து "கண்ணு இல்லக்கா, பீப்பு" என்று குரல் வந்தது. அதற்குப் பிறகு உருகுவதை நிறுத்திவிட்டேன்.

பெட்டி வாங்கிய அன்று அதற்கு ஒரு ஆப் தேவைப்பட்டது. ஆப் இல்லாமல் பெட்டி வாயே திறக்காதாம். அவன் கைபேசியில் அதை ஏற்றிப் பார்த்தோம். அங்கே எந்தப் பொத்தானுக்கும் பேர் வைக்கவில்லை. அவன் விரல் நகர நகரக் கைபேசி "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொன்னது. எது எதற்கு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கடைசியில் என் கைபேசியில் ஏற்றி, என் எண்ணைக் கொடுத்து, ஐந்து நிமிட வேலையாக முடித்தோம். பிறகு வருஷக்கணக்கில் அந்த ஆப்பை நான் திறக்கவில்லை. பெட்டியும் ஒழுங்காக பீப் போட்டுக்கொண்டிருந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் என் கைபேசியில் ஒரு அறிவிப்பு வந்தது: உங்கள் சாதனம் புதுப்பிக்கப்பட்டது, இனி இன்னும் எளிமையான அனுபவம். யாரும் கேட்கவில்லை, யாரையும் அவர்கள் கேட்கவுமில்லை. தானாக ஏறிக்கொண்டது. நான் பல்வலிக்காரர் ஒருவருக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன், அறிவிப்பை ஒதுக்கித் தள்ளினேன்.

மறுநாளிலிருந்து தம்பியின் அறையில் பெட்டி ஊமையாக ஆரம்பித்தது. வேலை மும்முரத்தில் இருக்கும்போது வாயாடி பாதிச் சொல்லில் நின்றுபோகும். குமிழை அழுத்தினால் பீப் இல்லை. எத்தனை முறை அழுத்தினோம், எங்கே நிற்கிறது, எதுவும் தெரியாது. கணினிதான் செத்துவிட்டது என்று நினைத்து அதை அணைத்துப் போடுவான். ஒயரை எல்லாம் பிடுங்கித் திரும்பச் சொருகுவான். கொஞ்ச நேரத்தில் தானாகப் பேச்சு வரும். சரியாகிவிட்டது என்று இருப்பான், அதுவும் பேசிக்கொண்டிருக்கும், திரும்ப ஒருநாள் சாயங்காலம் அதே கூத்து.

பெட்டியில் புதிதாக ஏதோ விளக்கு எரிகிறது என்று கண்டுபிடித்தவர் கீழ்வீட்டுத் தையல்காரர். நான் போகாத ஒரு சாயங்காலம் தம்பி வேறு வழியில்லாமல் அவரை மேலே கூப்பிட்டிருக்கிறான். வாழ்நாளில் முதல்தடவையாகப் பக்கத்து வீட்டுக்காரரை உதவிக்கு அழைத்தவனுக்கு அவர் கொடுத்த பதில், விளக்கு மயில்கழுத்து நிறம் என்பது. நீலமா பச்சையா என்று கேட்டால், அப்படிச் சொல்லிவிட முடியாது, வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றாராம். நல்ல மனிதர். தினம் வந்து பார்க்கத் தயாராக இருந்தார். உட்கார்ந்து பார்க்க வசதியாகத் தன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டார். தம்பி நன்றி சொன்னான். அந்த நாற்காலி அவனுக்கு எப்படி உறுத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

உண்மையான அடி அந்த வாரம் விழுந்தது. அனுப்பிய அத்தியாயம் ஒன்றில் நடுவே ஒரு பெரிய துண்டைக் காணோம். கதாநாயகி கதவைத் தட்டுகிறாள், அடுத்த வரியில் அவள் குழந்தைக்குக் காதுகுத்து. நடந்தது இதுதான். பக்கம் திருப்பும் சத்தம் ஒன்றை வெட்டப் போயிருக்கிறான், தேர்ந்தெடுக்கும்போது பெட்டி ஊமையாகிவிட்டது, விரல்கள் பழக்கத்தில் மேலே ஓடிவிட்டன. கேட்காத காதோடு வெட்டியதில் பாதி அத்தியாயம் போய்விட்டது. வழக்கமாக முழுக்க ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவான். அன்றைக்குப் பெட்டி நின்று நின்று வந்ததில் விட்டு விட்டுத்தான் கேட்க முடிந்திருக்கிறது.

ஸ்டூடியோ நடத்துகிறவர் போனில் கோபித்துக்கொள்ளவே இல்லை. கோபித்திருந்தால் தேவலை. ரொம்பக் கனிவாகப் பேசினார். இத்தனை நாள் நீங்கள் ஒற்றை ஆளாகச் செய்ததே பெரிய விஷயம், இனிமேல் ஸ்டூடியோவுக்கு வந்து செய்யுங்கள், பக்கத்தில் கண் தெரிந்த ஒரு ஆளை உட்கார வைக்கிறேன், நீங்கள் சொன்னால் அவர் வெட்டுவார் என்றார். கையிலிருந்த நாவலின் மீதி அத்தியாயங்களை மட்டும் வீட்டிலேயே முடித்துக் கொடுங்கள், அதிலும் இப்படி ஏதாவது ஆனால் அடுத்த புத்தகத்திலிருந்து இந்த ஏற்பாடுதான் என்று முடித்துவிட்டார். தம்பி "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னான். போனை வைத்தபிறகு வெகுநேரம் குமிழைத் தடவிக்கொண்டே இருந்தான். ஒரு பெட்டிக்கு பீப் போடத் தெரியாமல் போனதற்கு என் தம்பி இன்னொருத்தன் கையால் வேலை பார்க்க வேண்டுமாம்.

பெட்டி ஏன் ஊமையாகிறது என்று கண்டுபிடித்தது இதற்கடுத்த சாயங்காலம். வேலை முடிந்து வழக்கம்போல் அவன் அறைக்குள் நுழைந்தேன். வாயாடி நின்றது. தம்பி தலையைத் திருப்பி, "அக்கா, கொஞ்சம் கீழ போயேன்" என்றான். காலெல்லாம் வலியோடு மாடி ஏறி வந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். தெருமுனைவரை போ என்றான், போனேன். திரும்பி வா என்றான், வந்தேன். வாசலுக்கு நான் வந்ததும் மேலே வாயாடி மறுபடி வாயை மூடியது. அடுத்து என் கைப்பையைத் தையல்காரரிடம் கொடுத்து மறுமுனைக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் வரச் சொன்னான். பெட்டி பேசியது. நான் கீழேயே நிற்க, பை மட்டும் மாடி ஏறியது. பெட்டி ஊமை. பைக்குள் இருந்தது என் கைபேசி. நான் மேலே வராத நாளிலும் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்பது அந்த வாசலில்தான். நான் ஆகாதவள் இல்லை என்று நிரூபணமானதில் பாதி நிம்மதி, மீதி அத்தனையும் ஆத்திரம்.

உடனே கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். எடுத்த எடுப்பில் விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்று கேட்டாள். தம்பி தனக்குப் பார்வை இல்லை என்றான். பிறகு அதே இனிமையோடு, "வீட்ல யாராவது பார்த்துச் சொல்ல முடியுமாங்க சார்?" என்றாள். தான் தனியாக இருப்பதாகச் சொன்னான். பக்கத்து வீட்டில் கேட்கலாமே என்றாள். பீப் ஏன் போனது என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள் பலர் அந்தச் சத்தம் தொந்தரவாக இருப்பதாகச் சொன்னதால் நிற விளக்காக மாற்றியிருக்கிறோம், வெள்ளை என்றால் கணினி, பச்சை என்றால் பதிவுக் கருவி, நீலம் என்றால் ப்ளூடூத், இது இன்னும் எளிமை என்றாள். பழையதற்கே திரும்ப முடியுமா என்றால் முடியாதாம். யாருக்கு எளிமை என்று நான் கேட்டதற்கு உங்கள் கருத்தை மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம் என்றாள். மேலிடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நானே நேரில் போய்த் தெரிவித்திருப்பேன்.

அதைவிடப் பெரிய கொடுமை பிறகு வந்தது. புதிய ஏற்பாட்டில் முதன்மைப் பயனர் என்று ஒருவர் உண்டு. அவர் கைபேசி பக்கத்தில் வந்தால் பெட்டி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிவிடும். அவர்கள் கணக்கில் அந்த முதன்மைப் பயனர் நான். பெட்டியை வாங்கியவன், அதை வைத்துப் பிழைப்பவன், அதன் ஒவ்வொரு கரகரப்பையும் அறிந்தவன், விருந்தாளி. ஒருநாள் ஐந்து நிமிடம் கைபேசி கொடுத்தவள் முதலாளி. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெட்டி எழுந்து நின்று கைகட்டிக்கொள்கிறது, என்னைக் கும்பிடுகிற அவசரத்தில் அவன் வாயைப் பொத்துகிறது. எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

என் ப்ளூடூத்தை அணைத்து வைக்கிறேன், தீர்ந்தது என்றேன். தம்பி தலையை ஆட்டினான்.

"நீ மறக்காம இருந்தா எனக்கு வேலை நடக்கும். அதானேக்கா நீ சொல்றது?"

உதவி எண்ணுக்கே மறுபடி அடித்தேன்.

முதலாளி பட்டத்தை அவன் பேருக்கே மாற்றிவிடலாம் என்று உதவி எண்காரி வழி சொன்னாள். அவன் கைபேசியில் ஆப்பை ஏற்றினோம். பொத்தான், பொத்தான், பொத்தான். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கடைசிப் படிவரை அவனே போய்விட்டான். அங்கே திரை நிறைய நிற வட்டங்கள். பெட்டியில் இப்போது எரியும் நிறத்தைத் தொடவும் என்றது. எதிரே நிஜமான ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளவாம். அப்படியானால் என் தம்பி ஆள் இல்லையா? அவன் காது, கை, தலை, வாடகை கட்டும் அறை எல்லாம் அங்கே இருக்கிறது, ஒரு வட்டத்தைத் தொடத் தெரியவில்லை என்பதால் அவன் அங்கே இல்லை என்கிறது ஒரு கைபேசி. அவன் என் பக்கம் போனை நீட்டினான். நான் நீல வட்டத்தைத் தொட்டேன். அதுவரை அவன் தானாக என்னிடம் எதையும் நீட்டியது எனக்கு நினைவில் இல்லை, அன்றைக்கு அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். பட்டம் மாறிய அந்தக் கணமே பெட்டி நிரந்தரமாக ஊமையானது. முதலாளியின் கைபேசி பக்கத்தில் இருந்தால் அதன் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதானே அதன் புத்தி. இப்போது முதலாளி அவன். அவன் கைபேசி எப்போதும் அவனோடு இருக்கிறது. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்துப் பலகை ஒன்று வைத்திருக்கிறான், அது ப்ளூடூத்தில்தான் கைபேசியோடு சேரும், அதில்தான் அவன் செய்தி படிப்பதும் பதில் எழுதுவதும். ஆக ப்ளூடூத்தை அணைக்கவும் முடியாது. முன்பு அக்கா வந்தால் ஊமை, இப்போது அவன் உயிரோடு அறையில் இருந்தாலே ஊமை. உதவி எண்ணில் வேறொரு பெண், அதே இனிமை. வேலை செய்யும்போது கைபேசியை வேறு அறையில் வைத்துக்கொள்ளலாமே என்றாள். ஒற்றை அறையில் வேறு அறைக்கு எங்கே போவது? விளக்கு நீலமாக எரிகிறதா என்று மட்டும் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. அவள் கையில் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாள், நானும் அதே வேலையைத்தான் பல் மருத்துவமனையில் செய்கிறேன். ஆனால் போனை வைத்ததும் யார் யாரைத் திட்ட வேண்டுமோ அத்தனை பேரையும் திட்டினேன். கீழே தையல் இயந்திரம் நின்றுவிட்டது.

வேறு பெட்டி வாங்கிவிடு என்றேன். "அதுவும் ஒருநாள் தானா அப்டேட் ஆகும்" என்றான். மேலும் அவன் காது இந்தப் பெட்டிக்குப் பழகியது, இதில் கேட்டால்தான் வெட்டு சுத்தமா இல்லையா என்று அவனுக்குத் தெரியும். நாவலில் இன்னும் சில அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. நான் மருத்துவமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலமானதும் நான் குரல் கொடுப்பேன், அவன் குமிழை அழுத்துவான், வெள்ளையாகும், பிறகு நீலமாகும். வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம். ஸ்டூடியோக்காரர் சொன்ன கண் தெரிந்த ஆள் நானேதான் என்பது எனக்கு உறைத்தது. அவனுக்கு எப்போதோ உறைத்திருக்க வேண்டும். அவன் முதுகு அப்படி விறைத்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் போல் அவன் குமிழை விட்டுவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் கையைக் கொண்டுபோனான். அங்கே ப்ளூடூத்துக்கென்று விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா நட்டுக்கொண்டிருக்கும், தூசு துடைக்கும்போது நானும் பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்துத் திருகினான். கழன்று கையோடு வந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கேயும் எந்தக் கைபேசியையும் காணாமல் பெட்டி கொஞ்சம் தடுமாறியிருக்க வேண்டும். பிறகு, கேட்பதற்குக் கணினியைத் தவிர யாரும் மிச்சமில்லாததால், வாயாடி விட்ட இடத்திலிருந்து படபடவென்று பேச ஆரம்பித்தது.

கைபேசியை மேசையின் இந்தக் கோடியில் வைத்துப் பார்த்தான், அந்தக் கோடியில் வைத்துப் பார்த்தான். பெட்டி அசையவில்லை. என் கைபேசியில் பாட்டைப் போட்டு அறைக்குள் நடக்கச் சொன்னான். நடந்தேன். பாட்டு என் கையிலேயே பாடிக்கொண்டிருந்தது. உத்தரவாதம் போய்விடுமே என்று நான் இழுத்தேன். அவன் சிரித்தான், பல நாளைக்குப் பிறகு. கழற்றிய ஆன்டெனாவை என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"வெட்டறதுதானக்கா என் வேலை."

மீதி அத்தியாயங்களை அவன் தனியாக முடித்தான். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு அனுப்பினான். ஸ்டூடியோக்காரர் குறை ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த புத்தகம் வீட்டுக்கே வந்தது. பக்கத்து ஆள் பேச்சு அதோடு நின்றது. நின்றதே தவிர, அப்படிப் பேசியது தப்பு என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது.

போன வாரம் அவன் அறைக்குப் போயிருந்தேன். உட்காரலாம் என்று பார்த்தால் நாற்காலியைக் காணோம். தையல்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். கட்டிலில் உட்கார்ந்தேன். பெட்டியின் முகத்தில், விளக்கு இருக்கும் இடத்தில், சதுரமாக ஒரு கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்காமலேயே நிறம் சொல்கிறார்கள், அதனால் கீழே தையல்காரரிடம் ஒரு துண்டுத்துணி வாங்கி ஒட்டிவிட்டேன் என்றான்.

அப்போது என் கைபேசி அடித்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண்தான். அவர்கள் பதிவில் இன்னும் என் எண்தான் இருக்கிறது. புகார் தீர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளக் கூப்பிட்டார்களாம். தீர்ந்தது என்றேன். சந்தோஷம் என்றாள், புகாரை முடித்து வைக்க ஒரே ஒரு விவரம் வேண்டும் என்றாள். விளக்கு இப்போது என்ன நிறத்தில் எரிகிறது, வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

நான் பெட்டியைப் பார்த்தேன். தம்பியின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, வாயாடி எனக்குப் புரியாத வேகத்தில் அவனிடம் பேசிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்ல யாருக்கும் அது தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.